நீண்ட தூர ரயிலில் கழிவறையைச் சிரமமின்றிப் பயன்படுத்துவது எப்படி: முன்பதிவு முதல் புகார் வரை

உறவினர்களையும் எங்கள் தெருவில் இருக்கும் பெரியவர்களையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது காசிக்கு ரயிலில் அழைத்துச் செல்லும் பொறுப்பு என்னுடையது. சென்னையிலிருந்து விஜயவாடா, நாக்பூர், இட்டார்சி, ஜபல்பூர் வழியாகச் செல்லும் அந்தப் பயணத்தில் இரண்டு இரவுகள் பெட்டிக்குள்தான் கழியும். புறப்படுவதற்கு முன் பெரும்பாலானோர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி சாப்பாட்டைப் பற்றியதன்று, கழிவறையைப் பற்றியது. புதியவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதைப் பலமுறை பார்த்த பிறகு, எதை முதலில் செய்ய வேண்டும், எதை அடுத்துச் செய்ய வேண்டும் என்ற வரிசையை வகுத்துக்கொண்டேன். அந்த வரிசையே கீழே உள்ளது.

1. உங்கள் ரயிலில் எந்த வகைக் கழிவறை என்பதை அறிந்துகொள்ளுங்கள்

படுக்கை வசதி கொண்ட விரைவு ரயில்களில் ஒரு பெட்டிக்குப் பொதுவாக நான்கு கழிவறைகள் இருக்கும்; ஒவ்வொரு முனையிலும் இரண்டு. அவற்றில் சில குந்தி அமரும் இந்திய வகை, சில உட்காரும் வெஸ்டர்ன் வகை. நான்கும் ஒரே மாதிரி என்று எண்ணி, கண்ணில் பட்ட முதல் கதவைத் திறப்பதுதான் முழங்கால் வலி உள்ளவர்கள் செய்யும் முதல் தவறு. வெஸ்டர்ன் வகை எந்த முனையில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை ஏறியவுடன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வந்தே பாரத் போன்ற ரயில்களில் காற்றழுத்தத்தால் கழிவை உறிஞ்சும் வேக்குவம் கழிவறைகள் உள்ளன. பொத்தானை அழுத்தியதும் எழும் ஓசை பெரிதாக இருக்கும். அறியாத குழந்தைகள் அலறிவிடுவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு செல்லும் புறநகர் மின்சார ரயில்களில் கழிவறையே கிடையாது. விரைவு ரயிலைப் பிடிக்கப் புறநகர் ரயிலில் எழும்பூர் வரும் பெரியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஆகவே வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரு முறையும், பெரிய நிலையத்தின் காத்திருப்பு அறையில் ஒரு முறையும் போய்விட்டு வருவதைப் பயணத்தின் முதல் படியாகவே கொள்ளுங்கள்.

2. முன்பதிவின்போதே இடத்தைத் தீர்மானியுங்கள்

அடிக்கடி கழிவறை செல்ல வேண்டியவருக்கு மேல் பெர்த் கிடைத்துவிட்டால், மற்ற ஏற்பாடுகள் எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை. இரவில் ஏணியில் இறங்கச் சோம்பி அடக்கிக்கொள்வார்கள். அல்லது அவசரமாக இறங்கி விழுவார்கள்.

60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் லோயர் பெர்த்துக்கெனத் தனி ஒதுக்கீடு உள்ளது. இத்தகுதி உடையவர் தனியாகவோ, தகுதியுள்ள இருவராகவோ ஒரே டிக்கெட்டில் செல்லும்போதுதான் அது பொருந்தும். குடும்பத்தில் ஆறு பேரையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்துவிட்டு, 'அம்மாவுக்கு ஏன் லோயர் கிடைக்கவில்லை?' என்று வருந்துபவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். பெரியவர்கள் இருவருக்குத் தனி டிக்கெட்டும், மற்றவர்களுக்கு வேறு டிக்கெட்டும் எடுங்கள். இரண்டிலும் ஒரே பெட்டியை விருப்பப் பெட்டியாகக் குறிப்பிட்டால் அருகருகே அமர வாய்ப்பு உண்டு.

ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 1, 4, 9, 12, 17, 20 என்ற வரிசையில் வருபவை லோயர் பெர்த்துகள். 7, 15, 23 என்பவை சைடு லோயர். முதல் எட்டு எண்களும் கடைசி எட்டு எண்களும் கழிவறையை ஒட்டியவை. கதவு அடிக்கும் சத்தமும் வாடையும் இரவு முழுவதும் தொடரும் என்பதால் அவற்றைப் பலரும் விரும்புவதில்லை. பெட்டியின் நடுப்பகுதியோ இரு முனைகளுக்கும் தொலைவு. என் அனுபவத்தில் 9 முதல் 24 வரையிலான எண்களும், மறுமுனையில் அதற்கு இணையான எண்களும்தான் முதியவர்களுக்கு உகந்தவை: பத்துப் பன்னிரண்டு அடி நடந்தால் போதும், வாடையும் எட்டாது. எண்ணை நாமே தேர்ந்தெடுக்க முடியாது என்றாலும், ரயில் ஏறிய பின் அருகில் இருப்பவரிடம் காரணத்தைச் சொல்லிப் பணிவாகக் கேட்டால் பெரும்பாலோர் மாற்றிக்கொள்ளச் சம்மதிக்கிறார்கள்.

சக்கர நாற்காலியில் செல்பவர்களுக்குச் சாதாரணப் பெட்டி பொருந்தாது. நடைபாதையும் கழிவறைக் கதவும் குறுகலானவை. பல விரைவு ரயில்களில் கார்டு (ரயில் மேலாளர்) பயணிக்கும் பெட்டியை ஒட்டி மாற்றுத்திறனாளிகளுக்கான பகுதி உண்டு. அங்கே அகலமான கதவும் கைப்பிடிகளுடன் கூடிய பெரிய கழிவறையும் இருக்கும். வந்தே பாரத்தில் இந்த வசதி இரு முனைகளிலும் உள்ள ஓட்டுநர் பெட்டிகளில் உள்ளது. பெட்டி ரயிலின் எந்தக் கோடியில் வரும் என்பதை நடைமேடையில் முன்னதாகவே கேட்டு, அங்கே போய்க் காத்திருங்கள்.

3. கழிவறைக்கென்று ஒரு சிறு பை

பெரிய பெட்டியின் அடியில் சோப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவசரம் காத்திருக்காது. தோளில் குறுக்காக மாட்டக்கூடிய சிறு துணிப்பை ஒன்றைத் தனியாக எடுத்து, தலைமாட்டிலேயே வையுங்கள்.

அதில் இருக்க வேண்டியவை: சிறிய சோப்பு அல்லது காகித சோப்பு, ஒரு லிட்டர் காலி பாட்டில், பழைய செய்தித்தாள் இரண்டு மூன்று தாள்கள், ஒரு கைக்குட்டை, சிறு டார்ச், மெல்லிய குப்பைப் பைகள் சில. இவற்றுள் பாட்டில்தான் முக்கியம். குழாயில் தண்ணீர் நின்றுபோனாலும், சங்கிலியில் கட்டப்பட்ட மக் அழுக்காக இருந்தாலும், நிரப்பி வைத்த பாட்டில் கைகொடுக்கும். குடிநீர் பாட்டிலோடு அது கலந்துவிடாதபடி வாயில் ஒரு சிவப்பு ரப்பர் வளையத்தை மாட்டிவிடுகிறேன்.

காலுக்கு ரப்பர் அடிப்பாகமும் பின்பட்டையும் உள்ள செருப்பு வேண்டும். ஈரமான எஃகுத் தரையில் வெறுங்காலும் வழுக்கும், தேய்ந்த ஹவாய் செருப்பும் வழுக்கும்.

4. ஏறிய முதல் அரை மணி நேரத்தில் செய்ய வேண்டியவை

சாமான்களை அடுக்கியதும், தேவை இருக்கிறதோ இல்லையோ, இரு முனைகளுக்கும் ஒரு முறை நடந்து போய் நான்கு கழிவறைகளையும் திறந்து பாருங்கள். தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் சரியாக விழுந்து சரியாகத் திறக்கிறதா, விளக்கு எரிகிறதா, கைப்பிடி ஆடுகிறதா என்ற நான்கையும் பார்த்தால் போதும். வண்டி புறப்பட்ட புதிதில் கழிவறைகள் சுத்தமாக இருக்கும், கூட்டமும் இராது. நான்கில் எது நம்முடையது, அது இல்லையென்றால் அடுத்தது எது என்பதை அப்போதே முடிவு செய்து பெரியவர்களுக்கும் காட்டிவிட வேண்டும். நள்ளிரவில் அரைத் தூக்கத்தில் எழுபவருக்கு, ஏற்கெனவே பார்த்த இடத்துக்குப் போவது எளிது.

அப்போதே அடுத்த பெட்டிக்குச் செல்லும் இணைப்புக் கதவையும் பாருங்கள். உங்கள் பெட்டியின் மறுமுனையைவிட அடுத்த பெட்டியின் கழிவறை பல சமயம் அருகில் இருக்கும். ஆனால் ஏசி பெட்டிக்கும் ஸ்லீப்பர் பெட்டிக்கும் இடையிலான கதவை இரவில் பூட்டிவிடுவது உண்டு. அதை நம்பிப் போகக் கூடாது. ஓடும் வண்டியில் இணைப்புப் பகுதியை முதியவர்கள் தனியாகக் கடப்பதும் கூடாது.

5. நேரத்தைக் கணக்கிடுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள்

நான் மிகவும் கவலைப்படும் தவறு இதுதான். கழிவறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று அஞ்சி, பெண்கள் பலர் புறப்படும் நாள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். ஒரு பயணத்தில் எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர், நாள் முழுவதும் இரண்டு வாய் காபியோடு இருந்துவிட்டு, மாலையில் எழுந்து நின்றபோது தலை சுற்றி என் தோளில் சாய்ந்தார். நீர் குறைந்தால் தலைசுற்றல் வரும், மலச்சிக்கல் வரும், சிறுநீர்த் தொற்றும் வரும். வெயில் காலத்தில் ஸ்லீப்பர் பெட்டியில் இவை இன்னும் விரைவாக வரும்.

ஆகவே குறைக்க வேண்டியது தண்ணீரை அன்று. அதை ஒரே மூச்சில் குடிப்பதைத்தான். பகலில் மணிக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். படுக்கைக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் அதிகம் போகச் செய்யும் மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. பயண நாளில் எந்த நேரத்தில் எடுக்கலாம் என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

காலை 6 மணி முதல் 8 மணி வரை வரிசை நிற்கும். 5 மணிக்கு எழுந்து போய்விடுபவர்களுக்குத் தொல்லையில்லை. முடியாதவர்கள் 9 மணிக்கு மேல் செல்லலாம். இரவில் விளக்குகளை அணைத்துப் பலரும் படுத்துவிடும் 10 மணிக்கு முன்பாக, பெரியவர்களை ஒரு முறை அழைத்துச் சென்று வந்துவிடுங்கள். அதன் பிறகு நடைபாதையில் செருப்பும் சாமான்களும் கிடக்கும். தடுக்கி விழ வாய்ப்பு அதிகம்.

வண்டி நிலையத்தில் நிற்கும்போது கழிவறையைப் பயன்படுத்தக் கூடாது என்ற பழக்கம், கழிவு நேராகத் தண்டவாளத்தில் விழுந்த காலத்தில் ஏற்பட்டது. 2016இல் மானாமதுரை – ராமேசுவரம் இடையிலான 114 கிலோமீட்டர்ப் பாதையில், கழிவு எதுவும் தண்டவாளத்தில் விழாதபடி எல்லா ரயில்களிலும், கழிவைப் பாக்டீரியாக்களால் சிதைக்கும் பயோ கழிவறைகள் பொருத்தப்பட்டன. பின்னர் நாடு முழுவதும் பயணிகள் பெட்டிகளுக்கு அவை வந்துவிட்டன. ஆகவே அந்தக் காரணம் இப்போது இல்லை. ஆயினும் நிலையம் நெருங்கும்போது பெரியவர்களை அனுப்ப வேண்டாம் என்பேன். இறங்குபவர்கள் சாமான்களோடு கழிவறை வாசலை அடைத்து நிற்பார்கள், வண்டி நிற்கும்போதும் கிளம்பும்போதும் குலுக்கும். அதேபோல், ஐந்து நிமிடமே நிற்கும் நிலையத்தில் இறங்கி நடைமேடைக் கழிவறையைத் தேடிப் போவது எந்த வயதினருக்கும் கூடாது.

6. உள்ளே செல்லும் வரிசை

முதலில் கையையும் சட்டைப்பையையும் காலி செய்யுங்கள். கைபேசி, மூக்குக்கண்ணாடிக் கூடு, பணப்பை ஆகியவற்றைத் துணையிடம் கொடுத்துவிடுங்கள். குனிந்தவுடன் சட்டைப்பையிலிருந்து கைபேசி நழுவுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. உள்ளே விழுந்ததை எடுக்கக் கையை நுழைக்காதீர்கள்.

சேலை கட்டியவர்கள் முந்தானையையும் கொசுவத்தையும், வேட்டி கட்டியவர்கள் வேட்டி நுனியையும் உள்ளே போவதற்கு முன்பே தூக்கிச் செருகிக்கொள்வது நல்லது. உள்ளே போன பிறகு ஒரு கை கைப்பிடிக்கு வேண்டும். மற்றொரு கையால் மட்டும் துணியைச் சமாளிப்பது கடினம்.

கதவைத் தட்டிவிட்டுத் திறங்கள். தாழ் போடுவதற்கு முன் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். உட்கார்ந்த பிறகு தண்ணீர் இல்லையென்று அறிவதே புதியவர்களுக்கு நேரும் மிகப் பெரிய சங்கடம். இந்த ஒரு சிறு சோதனை அதைத் தவிர்த்துவிடும்.

அடுத்து, பயன்படுத்துவதற்கு முன்பே அரை மக் தண்ணீரை ஊற்றிக் கழிவறையின் உட்பரப்பை நனைத்துவிடுங்கள். உலர்ந்த எஃகில் கழிவு ஒட்டிக்கொள்ளும். நனைந்த எஃகில் ஒட்டாது. பின்னால் வருபவர் முகம் சுளிக்காதிருக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

இந்திய வகையில் கால்களை அதற்குரிய இடத்தில் நன்றாக அகட்டி ஊன்றி, ஒரு கையால் கைப்பிடியைப் பற்றுங்கள். குழாயையோ மக்கின் சங்கிலியையோ பிடித்துக்கொண்டு எழக் கூடாது; அவை உடல் எடையைத் தாங்க வைக்கப்பட்டவை அல்ல. வெஸ்டர்ன் வகையில் பலகையின் மேல் காலை வைத்துக் குந்துவது ஆபத்து. தண்டவாளம் பிரியும் 'பாயிண்ட்' என்ற இடத்தை வண்டி கடக்கும்போது பக்கவாட்டில் உதறும். அந்த உதறலில் விழுந்தால் தலை சுவரில் மோதும். இருக்கை அழுக்காக இருந்தால் தண்ணீர் ஊற்றித் துடைத்து, செய்தித்தாளை விரித்து உட்காருங்கள். அந்தத் தாளைப் பிறகு குப்பைப் பையில் போட்டு எடுத்து வாருங்கள்.

முடித்ததும் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். போதவில்லையென்றால் மக்கால் ஊற்றுங்கள். வேக்குவம் வகையில் எழுந்து நின்ற பிறகே, ஒரே ஒரு முறை அழுத்திக் காத்திருக்க வேண்டும். அழுத்தம் மீண்டும் உருவாகச் சில நொடிகள் ஆகும். பொறுமையிழந்து திரும்பத் திரும்ப அழுத்துவதால் பயனில்லை.

வாஷ் பேசினில் உள்ள குழாய் பல பெட்டிகளில் அழுத்திப் பிடித்திருந்தால்தான் ஓடும். ஒரு கை குழாயில் இருந்தால் இரு கைகளையும் சேர்த்துத் தேய்க்க முடியாது. ஆகவே பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு கழுவுங்கள்.

வெளியே வந்ததும் ஒரு நொடி நின்று, எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைப் பாருங்கள். கழிவறை வாசலுக்கு எதிரேயும் பக்கத்திலும் இருப்பது வண்டியின் ஏறும் கதவு. இரவில் தூக்கக் கலக்கத்திலோ தலைசுற்றலிலோ இருக்கும் பெரியவர், பெட்டிக்குள் செல்லும் கதவென்று எண்ணி அதைத் திறந்துவிடக்கூடும். காற்றுக்காக யாரேனும் அதைத் திறந்து வைத்திருப்பதும் உண்டு. ஆகவே எங்கள் குழுவில், இரவில் யார் எழுந்தாலும் இன்னொருவர் உடன் போக வேண்டும் என்பது கட்டாயம். உடன் செல்பவரின் முதல் வேலை அந்த இரு கதவுகளும் மூடியிருக்கின்றனவா என்று பார்ப்பது.

7. உள்ளே எதைப் போடக் கூடாது

பெட்டியின் அடியில் உள்ள தொட்டியில், காற்றில்லாத சூழலில் வாழும் பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைத்து நீராகவும் வாயுவாகவும் மாற்றுகின்றன. அந்தத் தொட்டிக்குச் செல்லும் வழி வளைந்த குழாய். டீ குவளை, பாட்டில் மூடி, நாப்கின், குழந்தையின் டயப்பர், பாக்கு உறை, துணி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று அந்த வளைவில் சிக்கினாலும் கழிவறை முழுவதும் நின்றுபோகும். ஸ்லீப்பரில் 72 அல்லது 80 பேருக்கு நான்கே கழிவறைகள். ஒன்று அடைத்துக்கொண்டால் சுமை மற்ற மூன்றுக்கும் போகும், அவையும் விரைவில் கெடும். வண்டி ஓடும்போது அடைப்பை எடுப்பது எளிதன்று.

நல்லெண்ணத்தோடு வீட்டிலிருந்து பினாயிலும் ஆசிடும் கொண்டுவந்து ஊற்றுபவர்களும் உண்டு. அவை பாக்டீரியாக்களைப் பாதிக்கும். தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள்.

நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி, சிறு பையில் கட்டி, வெளியே வாஷ் பேசின் அருகிலுள்ள குப்பைக்கூடையில் போட வேண்டும். கூடை நிரம்பியிருந்தால் பையிலேயே வைத்திருந்து பெரிய நிலையத்தில் போடலாம்.

8. குழந்தைகளை அழைத்துச் செல்லும்போது

சிறு குழந்தையை இந்திய வகையின் மேல் தூக்கிப் பிடிப்பது பிடிப்பவருக்கும் ஆபத்து. இரு கைகளும் குழந்தையிடம் இருந்தால் கைப்பிடியைப் பற்ற முடியாது. வெஸ்டர்ன் வகையில் செய்தித்தாள் விரித்து உட்கார வைத்து, ஒரு கையால் குழந்தையையும் மறு கையால் கைப்பிடியையும் பிடித்துக்கொள்ளுங்கள். தனியாகச் செல்லும் வயதுப் பிள்ளைகளைத் தாழ் போடவிடாமல், கதவைச் சாத்தி வெளியே நில்லுங்கள். தாழ்ப்பாள் இறுகிவிட்டால் அவர்களால் திறக்க இயலாது. முதியவர்களுக்கும் இதுவே விதி. கதவின் கீல் பக்கத்தில் பிள்ளைகள் விரல் வைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

9. தண்ணீர் நின்றால், அடைத்துக்கொண்டால்

முதலில் துப்புரவுப் பணியாளரைத் தேடுங்கள். பல நீண்ட தூர ரயில்களில் ஓடும் வண்டியிலேயே சுத்தம் செய்யும் பணியாளர்கள் பகல் முழுவதும் இருப்பார்கள். ஏசி பெட்டியில் படுக்கை விரிப்புக் கொடுக்கும் உதவியாளரிடமும், மற்ற பெட்டிகளில் டிக்கெட் பரிசோதகரிடமும் கேட்டால் அவர்கள் இருக்கும் இடம் தெரியும். ஓய்வின்றி உழைக்கும் மனிதர்கள் அவர்கள். 'தம்பி, இந்தப் பக்கம் கொஞ்சம் பாருப்பா' என்று சொல்லிக் கூட்டிவந்தால் பெரும்பாலும் உடனே வேலை முடிந்துவிடும்.

அதில் முடியவில்லையென்றால் 139 என்ற ரயில்வே உதவி எண்ணை அழையுங்கள். அல்லது ரயில்வேயின் புகார்ச் செயலியான 'ரயில் மதத்'தில் (RailMadad) பதியுங்கள். அழைப்பதற்கு முன் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: டிக்கெட்டில் உள்ள பிஎன்ஆர் எண், பெட்டியின் எண், கழிவறை எந்த பெர்த் எண்ணுக்கு அருகிலுள்ள முனையில் இருக்கிறது, கோளாறு தண்ணீரா அடைப்பா தாழ்ப்பாளா என்பது, அடுத்துப் பல நிமிடங்கள் நிற்கும் நிலையம் எது. 'கழிவறை சரியில்லை' என்று மட்டும் பதிந்தால், வரும் பணியாளர் நான்கையும் தேட வேண்டியிருக்கும். அதற்குள் வண்டி கிளம்பிவிடும்.

நேரம் இங்கே முக்கியம். பெட்டிகளுக்குத் தண்ணீர் நிரப்புவது விஜயவாடா, நாக்பூர் போன்ற பெரிய நிலையங்களில்தான். நிலையம் வந்த பிறகு புகார் செய்தால் அடுத்த பெரிய நிலையம் வரை பல மணி நேரம் காத்திருக்க நேரும். ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே பதிந்துவிட்டால், அங்குள்ளவர்கள் குழாயோடு காத்திருக்க வாய்ப்பு உண்டு. குழாயில் தண்ணீர் மெலிந்து வரத் தொடங்கும்போதே பதிந்துவிடுவது என் வழக்கம். அதே வேளையில் கைவசமுள்ள பாட்டில்களையும் நிரப்பிவிடுவேன்.

புகார் எண் குறுஞ்செய்தியாக வரும். சரிசெய்யாமலே 'முடிந்தது' என்று செய்தி வந்தால், அதே எண்ணைச் சொல்லி மீண்டும் அழையுங்கள். சரிசெய்துவிட்டார்கள் என்றால் கருத்துக் கேட்கும் பகுதியில் அதையும் பதியுங்கள். வந்து வேலை செய்தவருக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு அது.